சின்னக்கடை வீதிக் கடை பற்றி மகளுக்கு

அரிசிபாளையம், சேலம்.
ஆவணி முதல் வாரம்.

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் பேத்திக்குப் பல் முளைத்த கதையிலேயே நேரம் போய்விடுகிறது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே வைத்துவிடுகிறேன். இது சொத்து சம்பந்தப்பட்ட விஷயம், அதுவும் உன் பெயரில் இருக்கும் சொத்து. அதனால் எழுத்தில் இருப்பதே முறை என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

சின்னக்கடை வீதியை ஒட்டிய சந்தில், உன் அம்மா வழியில் உனக்கு வந்த வளையல் கடையை வாடகைக்குக் கேட்டு அம்மாப்பேட்டையிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். கொடுக்கலாம் என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு நீ, "அதை விற்றுவிடுங்கள் அப்பா, அந்தப் பக்கம் இனி ஒன்றும் தேறாது" என்று சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. மறுப்பதற்கு அப்போது என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்த பிறகும் விற்பதே சரி என்று உனக்குத் தோன்றினால், அதன்படியே செய்வேன்.

நீ ஊரை விட்டுப் புறப்பட்ட 2016-ஆம் ஆண்டில்தான், செப்டம்பர் மாதம், சீர்மிகு நகரங்களின் (ஸ்மார்ட் சிட்டி) இரண்டாவது சுற்றுப் பட்டியலில் சேலத்தின் பெயரும் வந்தது. அப்போது இந்த ஊரில் அதை நம்பியவர்களைவிடச் சிரித்தவர்களே அதிகம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகள் கழித்து, பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு ஈரடுக்காகக் கட்டப்போவதாகச் சொல்லி, டவுன் பஸ்களைப் போஸ் மைதானத்துக்கு மாற்றினார்கள். நடந்தால் சில நிமிடத் தூரம்தான். ஆனால் கடைத்தெருவில் சில நிமிடத் தூரம் என்பது வேற்றூர்த் தூரம். உன் அம்மாவைப் பெற்ற உன் அப்புச்சி அடிக்கடி சொல்லும் வார்த்தை உனக்கு நினைவிருக்கும்: "பஸ்ஸை விட்டு இறங்குகிற பொம்பளை, மறுபடி பஸ் ஏறுவதற்குள் என் கடையை ஒரு தரமாவது தாண்ட வேண்டும், மிச்சத்தைக் கண்ணாடி வளையல் பார்த்துக்கொள்ளும்." அந்தத் தாண்டுதல் நின்றது. அதன்மேல் கொரோனாவும் வந்து சேர, நம் கடையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்திவந்தவர் ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு மாத வாடகை பாக்கிக்காகக் கண் கலங்கினார். அந்தப் பாக்கியை நான் கேட்கவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதும் இல்லை.

அதே காலத்தில்தான், 2020 ஜூன் மாதத்தில், ஐந்து ரோட்டின் ஈரடுக்கு மேம்பாலமும் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் நீளம். 441 கோடி ரூபாய்ச் செலவு. குரங்குச்சாவடியில் ஏறுகிறவர் அண்ணா பூங்காப் பக்கம் இறங்கும்போது நடுவில் இருக்கிற ஊரைப் பார்க்கவே தேவையில்லை. அந்தப் பாலம் வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். ஐந்து ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்று அலறியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பாலத்தின் அடியில் கடை வைத்திருக்கும் ஒருவர், "எங்களுக்கு மேலே கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வெயில் இல்லை, வியாபாரமும் இல்லை" என்று சொன்னது மனத்தில் நின்றுவிட்டது. ஊர் நடுவில் பெரிய கட்டடம் எழும்பினால் ஊர் நடு பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை போனது அப்போதுதான்.

ஆகவே, 2023 ஜூனில் முதலமைச்சர் வந்து பேருந்து நிலையத்தைத் திறந்துவைத்தபோதும் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். கீழே சில தடங்கள், மேல்தளத்தில் சில தடங்கள். சாய்தளத்தில் பஸ் ஏறும்போது நம் காலத்து ஆட்களுக்குக் கொஞ்சம் வயிறு கலங்குகிறது. மேல்தளத்தின் ஓரத்தில் நின்றால் கட்டடங்களுக்கு அப்பால் ஏற்காடு மலை தெரிகிறது. பழைய நிலையத்தில் ஐம்பது ஆண்டு நின்றிருக்கிறேன், ஒரு நாளும் மலையைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பஸ் எந்தத் தளத்தில் என்று தெரியாமல், காய்கறிப் பையோடு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கிழவிகளையும் அன்று பார்த்தேன். அது பழகிப்போக ஓராண்டு ஆனது.

இனி என் ஆதாரத்துக்கு வருகிறேன். லீ பஜாரில் முப்பத்தைந்து ஆண்டு மளிகை மண்டிக் கணக்கு எழுதியவன் நான். எண்ணாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. நம் சந்தில் மொத்தம் இருபத்து மூன்று கடை வாசல்கள். கொரோனா முடிந்த ஆண்டில் ஒரு புதன்கிழமை மாலை நின்று எண்ணியபோது திறந்திருந்தவை ஒன்பது. அவற்றுள் இரண்டு, கடைக்காரருக்கு வீட்டில் இருப்பு கொள்ளாததால் திறந்தவை, வியாபாரத்துக்காக அல்ல. சென்ற மாதம் இதே போல ஒரு புதன்கிழமை எண்ணினேன்; திறந்திருந்தவை பதினெட்டு. மூடியிருந்த ஐந்தில் ஒன்று நம்முடையது. புதிதாக வந்தவை பெரும்பாலும் சின்னச் சின்னக் கடைகள்: கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு பையன், திருமணப் பத்திரிகை அச்சடிப்பவர், கொலுசுக்கு மெருகு போட்டுத் தரும் செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர், வாடகைக்கு நகை கொடுக்கும் ஒரு கடை. கவரிங் நகையை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக் கல்யாணம் செய்யும் காலம் வரும் என்று உன் அப்புச்சியிடம் சொல்லியிருந்தால் அடித்தே விரட்டியிருப்பார்.

ஆனால் இந்தப் பதினெட்டைவிட எனக்கு அதிக நம்பிக்கை தந்தது வேறொன்று. சந்தின் முனையில் தட்டுவடை செட் போட்டுக்கொண்டிருந்தவர் உனக்கு நினைவிருப்பார். நீ பள்ளி விட்டு வரும்போதெல்லாம் பீட்ரூட் அதிகம், வெங்காயம் குறைவு என்று சொல்லி வாங்குவாயே, அவர்தான். நடுவில் சில ஆண்டுகள் கன்னங்குறிச்சிப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இப்போது திரும்ப வந்திருக்கிறார். கடைக்கு முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவனாவது வேறு வழியின்றி உட்கார்ந்திருப்பான்; சக்கரம் வைத்த வண்டிக்காரன் அப்படியல்லன், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அவன் ஒரு மாலைகூட நிற்கமாட்டான். அவரிடமே கேட்டேன். "மூணு மணிக்கே காரச் சட்னி தீர்ந்துபோகுதுங்க" என்றார்.

இந்த நடமாட்டம் பேருந்து நிலையத்தால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. வ.உ.சி. மார்க்கெட் புதுக்கட்டடத்துக்கு வந்துவிட்டதால் பூவுக்கு வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து போகிறார்கள். அதைவிட முக்கியமானது கோட்டை மாரியம்மன். திருப்பணிக்காகக் கோயில் நெடுநாள் கிடப்பில் இருந்தது. 2023 அக்டோபரில் குடமுழுக்கு நடந்தது. அதற்குப் பிறகு வந்த ஆடிகளில் கண்ட கூட்டத்தை நான் என் வாலிபத்தில்தான் கண்டிருக்கிறேன். ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் சாத்த வந்த பெண்கள், டஜன் கணக்கில் பச்சையும் சிவப்பும் கேட்டு நம் மூடிய கடையின் வாசலில் நின்று, பக்கத்துக் கடைக்காரரிடம் "இங்கே வளையல் கடை ஒன்று இருந்ததே" என்று விசாரித்தார்களாம். அவர் அதை என்னிடம் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அப்பா வாடகைக்காகக் கதை கட்டுகிறார் என்பாய். 1866-ல் இந்த ஊர் நகராட்சியான காலத்தில், மாட்டுவண்டி ஒன்றுக்கொன்று வழிவிட்டால் போதும் என்று இருந்த வீதிகள். இப்போது அவற்றின் இருபுறமும் நான்கு மாடி, ஐந்து மாடி என்று கட்டுகிறார்கள். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய மட்ராஸ் ஒட்டுக் கட்டடங்களை இடிக்கும்போது தேக்கு உத்திரங்களைத் தனியாகக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள்; சுண்ணாம்புக் காரையை மட்டும் வாங்க ஆளில்லாமல் தெருவோரத்தில் கொட்டுகிறார்கள். ஜல்லி, எம்-சாண்ட், கம்பி எல்லாம் இறங்குவது இரவில். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் தூங்கி நாளாகிறது. குழாய் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடாமல் விட்ட ஒரு பள்ளத்தில் நான் சென்ற மழைக்காலத்தில் கால் இடறி, பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். சின்னக் காயம்தான், நீ பதற வேண்டாம். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் தெளிந்த தண்ணீராகத்தான் பிறக்கிறது. ஊருக்குள் அதற்குக் கரை கட்டியும், அதில் ஓடுவது இன்னும் சாக்கடையும் சாயமும்தான். பெருமழை பெய்தால் செவ்வாய்ப்பேட்டையிலும் கிச்சிப்பாளையத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் வருவது நிற்கவில்லை. நம் சந்து மேட்டில் இருப்பதால் தப்பித்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளைகளுக்கான வேலை இந்த நடு ஊரில் வரவில்லை. கருப்பூர்ப் பக்கம் 2024-ல் கணினி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறந்தார்கள்; விமானம் காமலாபுரத்திலிருந்து பறக்கிறது; பெரிய மருத்துவமனைகளும் வீடுகளும் புறநகரில்தான் பெருகுகின்றன. ஊர் நடுவில் மிஞ்சுவது கையால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. வளையல் அளவு, கொலுசின் எடை, பூவின் வாடை, பட்டு வேட்டியின் கரை, இவற்றுக்கு இன்னும் ஆள் நேரில் வரவேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு பெண்களும் செய்யும் தொழில் அந்த வகைதான். ஆரி வேலைப்பாடு செய்கிறார்கள். ரவிக்கையின் கையிலும் கழுத்திலும் மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கும் அந்த வேலைக்கு, கல்யாண ரவிக்கை என்றால் மூவாயிரம் முதல் பத்தாயிரம் வரை கேட்கிறார்கள்; கொடுக்கவும் ஆளிருக்கிறது. மூத்தவளின் அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர்; குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய், தறியை மடக்கிவிட்டார். வீட்டிலிருந்தே இதுவரை தொழில் செய்திருக்கிறார்கள். "வீட்டுக்கு வரத் தயங்குறாங்க அப்பா; பஸ் ஸ்டாண்டு பக்கம்னா ஏற்காட்டிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் வந்து அளவு கொடுத்துட்டுப் போவாங்க" என்றாள் இளையவள். உன் அப்புச்சி சொன்ன அதே கணக்கு, வேறு வாயிலிருந்து வந்தது. முன்பக்கத்தில் கண்ணாடி வளையலும் பட்டுநூல் வளையலும் வைப்பதாகச் சொல்கிறார்கள். பரணில் துணியை இழுத்துக் கட்டித் தைக்கும் மரச்சட்டம் இரண்டு போட்டுப் பயிற்சி வகுப்பும் நடத்துவார்களாம். பரண் தாங்குமா என்று மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். ஒரு உத்திரத்தை மட்டும் கரையான் தின்றிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். அந்தச் செலவு நம்முடையது.

வாடகை சந்தையில் போகிற தொகையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசியிருக்கிறேன். பெரிய கடைக்காரர் ஒருவர் கிடங்காக வைத்துக்கொள்ளக் கேட்டு அதிகம் தருவதாகச் சொன்னார். கிடங்கு என்றால் ஷட்டரை இறக்கியே வைத்திருப்பார். சந்தில் இன்னொரு வாசல் இருட்டாகக் கிடக்கும். வேண்டாம் என்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் அப்படிச் சொன்னது தவறென்றால் எழுது, அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜெர்மனியின் முனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் எனக்கு ஓர் அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) எழுதிக் கையெழுத்திட்டு, சான்று பெற்று அனுப்ப வேண்டும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதே. வாடகைக்கு விடவும் பழுது பார்க்கவும் மட்டும் போதும். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்று ஆவண எழுத்தர் சொன்னார். ஆகவே அனுப்பிய தேதியைக் குறித்துக்கொள். 2019 முதல் நடப்பில் இருக்கும் புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்போகிறேன். பழைய காலம் போல வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு விட்டுவிட முடியாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நம் கடைக்கு ஷட்டர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பதினொரு பலகைகள், ஒவ்வொன்றின் தலையிலும் உன் அப்புச்சியின் அப்பா உளியால் கொத்திய தமிழ் எண். எண் மாறினால் பலகை காடியில் இறங்காது. ஷட்டர் போட்டுத் தருகிறேன் என்று நானே சொன்னேன். அந்தப் பெண்கள் வேண்டாம், பலகையே இருக்கட்டும், எண்ணெய் தேய்த்து வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாகச் சாத்திவைத்துப் பார்த்தோம். ஏழாவது மட்டும் இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒரு தகரத்தை அடித்திருந்தார்கள். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் நினைவு வந்தது. நீ பத்தாம் வகுப்புப் படித்தபோது மேசை வேண்டுமென்று அடம்பிடிக்க, உன் அம்மா கடையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிவந்து ஜன்னலோரம் இரண்டு செங்கல் தூண்மேல் வைத்துக் கொடுத்தாள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அடியில் குனிந்து பார்த்தேன், ௭ என்று தெளிவாகத் தெரிகிறது. மேல்பக்கம் முழுவதும் உன் காம்பஸ் கிறுக்கல். அதைக் கொடுத்துவிடலாமா, அல்லது தச்சனிடம் சொல்லிப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லட்டுமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா