திருகோணமலைக் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தர்மகர்த்தாமாரே, பள்ளிவாசல் நிருவாகிகளே, பங்குத் தந்தையரே,

இந்த மாவட்டத்தில் தண்ணீர் ஏறினால் சனம் முதலில் ஓடிவருவது உங்களிடம்தான். அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆள் வருமுன்பே உங்கள் மண்டபம் திறந்திருக்கும், கிடாரம் அடுப்பில் ஏறியிருக்கும். 2004இல் கடல் வந்தபோதும் அப்படித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணை உடைத்துக்கொண்டு மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் பரவியபோதும் அப்படித்தான். சோற்றில் உங்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது. நான் எழுத வந்தது, அந்த மண்டபத்தில் வந்து ஒதுங்கியவர்களிடம் கதைக்கிற கதையைப் பற்றி.

சுனாமி முடிந்த சில வாரத்தில் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் இருந்தேன். எந்தச் சமயம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. மூன்று பக்கத்திலும் அதே பேச்சு அப்போது நடந்தது. ஊரில் பாவம் மிஞ்சிப்போனதால்தான் கடல் பொங்கியது என்றார் பேசியவர். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு எழும்பி வெளியே போனாள். செருப்பைக்கூடப் போடவில்லை. பின்னாலே போனேன். "என்ர நாலு வயசுப் பிள்ளை என்ன பாவம் செய்தது டீச்சர்?" என்று கேட்டாள்.

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடித் தட்டு பெரும் நீளத்துக்கு அசைந்தது, கடல் எழுந்தது. கிண்ணியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளியையும் பார்க்கவில்லை, நிலாவெளிக்கு விடுமுறைக்கு வந்த வெள்ளைக்காரனையும் பார்க்கவில்லை. காரணம் கேட்டால் இவ்வளவுதான். பிழைத்தவர்கள் ஏற்கெனவே "கையை விட்டுட்டேனே", "அன்றைக்கு ஏன் கடற்கரைக்கு அனுப்பினேன்" என்று தங்களையே குத்திக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் மேடையிலிருந்து ஒரு குத்து வேண்டுமா?

ஆறுதல் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை என்றால் பரவாயில்லை. உங்களிடம் நிறைய இருக்கிறது. நீரில் மூழ்கி மரணித்தவர் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி, என்று மௌலவிமாருக்குத் தெரியும். அதை முதல் ஜும்ஆவிலேயே சொல்லுங்கள். விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள்தான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. சைவர்களுக்குக் கன்னியா இருக்கிறது. இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று சொல்லி அந்த வெந்நீர்க் கிணறுகளில் இறந்தவர்களுக்குக் காலங்காலமாக அந்தியேட்டிக் கிரியை செய்து வருகிறோம்.

சடங்கு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். உடல் கிடைக்காத வீட்டின் துக்கம் வேறு மாதிரி. சுனாமியில் எத்தனையோ பேரை அடையாளம் காணாமலே ஒன்றாகப் புதைத்தோம். உடல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்தக் குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கும், கேட்கவும் கூச்சப்படும். தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்ய வழி உண்டு, உடல் முன்னால் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுகை உண்டு, நினைவுத் திருப்பலி உண்டு. அவர்கள் வந்து கேட்கட்டும் என்று இராமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆனால் அவசரப்படுத்தவும் வேண்டாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறவனிடம் திதி பார்க்கச் சொன்னால் அடிக்க வருவான். அதேபோல, கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்று ஒதுங்கித் துக்கம் காக்க வேண்டும். நூறு பேர் படுக்கிற மண்டபத்தில் எங்கே இருப்பாள்? ஒரு மூலையைத் தகரமோ தறப்பாளோ வைத்து மறைத்துக் கொடுக்க அரைமணி நேரம் போதும்.

அப்புறம், என்ன நடந்தது என்று சொல்ல வைக்காதீர்கள். நிவாரணம் தர ஒரு குழு வரும், ஒரு கமரா வரும், நிருவாகத்தில் ஒருவர் "அக்கா, இவையளுக்கு ஒருக்கா சொல்லுங்கோ" என்பார். ஒரு நாளைக்கு நாலு தரம் அந்தப் பெண் அந்தத் தண்ணீருக்குள் மறுபடி இறங்கி ஏற வேண்டும். மனம் விட்டுக் கொட்டினால் பாரம் குறையும் என்று நாம் நம்புகிறோம். தானாகக் கொட்டினால் சரி, இருந்து கேளுங்கள். வற்புறுத்திக் கொட்ட வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். 2011இல் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூலும் இதைத்தான் சொல்கிறது: பார், கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. படித்துப் பட்டம் வாங்கியவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

நித்திரை வராது, கூரையில் மழை விழுந்தால் நெஞ்சு அடிக்கும், எட்டு வயதுப் பிள்ளை படுக்கையை நனைக்கும், தாயின் சட்டையை விடாது. பெரும்பாலானவர்களுக்கு இது வாரங்களில் தணிந்துவிடும். பிள்ளைகள் மண்டபத்து வாசலில் வெள்ளம் வருகிற மாதிரி, வள்ளத்தில் ஆளை ஏற்றுகிற மாதிரி விளையாடுவார்கள்; அபசகுனம் என்று அடிக்காதீர்கள். பெரியவர்களுக்கு வேலை கொடுங்கள். தொண்டர்களே எல்லாம் செய்து, வந்தவர்களைப் பாயில் இருத்தி வைத்தால் அவர்கள் பகல் முழுக்க யோசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். குசினியை அந்தப் பெண்களிடமே விடுங்கள். உப்புக் கூடினாலும் பரவாயில்லை.

மாதம் தாண்டியும் சாப்பிடாமல், குளிக்காமல், பிள்ளையைப் பாராமல் கிடக்கிறவரை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். சாவைப் பற்றிக் கதைக்கிறவருக்கு மாதக் கணக்குப் பார்க்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள். பேய் பிடித்தது, நூல் கட்டினால் போதும் என்று நிற்காதீர்கள். நூலும் கட்டுங்கள், கூட்டியும் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம்: ஏற்கெனவே மனநோய்க்குக் குளிசை எடுப்பவர்கள். வெள்ளத்தில் கிளினிக் கொப்பியும் குளிசையும் போயிருக்கும், வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். திடீரென்று மருந்து நின்றால் சிலர் சில நாளிலேயே குழம்பிப்போகக்கூடும். வந்த முதல் நாளே எல்லாரிடமும் பொதுவாக "என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால் போதும், சீனி வருத்தக்காரரோடு சேர்ந்து அவர்களும் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, உங்கள் ஒலிபெருக்கி. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்ததே, ஞாபகம் இருக்கும். பெரிய அலை வரவில்லை, ஆனால் கரையோரச் சனம் எல்லாம் ஓடினோம். அப்படியான நேரத்தில் மைக்கைப் பிடித்துக் கத்துகிறவரின் குரலே பாதிச் சனத்தின் உயிரை எடுத்துவிடும். யார் பேசுகிறார், செய்தி எங்கிருந்து வந்தது, எந்தப் பாதையால் எங்கே போக வேண்டும், அடுத்த அறிவித்தல் எப்போது. இந்த நாலையும் நிதானமாகச் சொல்லத் தெரிந்த ஒருவரை இப்போதே தெரிவு செய்யுங்கள். அவர் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வதந்தி வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்டுவிட்டு மைக்கைத் தொடட்டும்.

மாரி தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு கூட்டம் வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் கிராம சேவகரையும் கூப்பிடுங்கள். பெண்களையும் கூப்பிடுங்கள், தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு இல்லை, கதிரையில் இருந்து கதைப்பதற்கு. உவர்மலையிலிருந்து நான் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி