நடனப் பாட்டு இரங்கற்பாவானது: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

காயில் என்ற ஆங்கிலேயக் குழு பாடிய ‘டெயின்டட் லவ்’ (கறைபட்ட காதல்) பாட்டை நான் அனுப்பியதற்கு, “நல்ல பாட்டை இப்படியா கொலை செய்வார்கள்?” என்று பதில் எழுதியிருந்தாய். பாதியிலேயே நிறுத்திவிட்டதாகவும் சொல்லியிருந்தாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நீ. “ரெக்கார்டில் கேட்ட மாதிரியே இருந்தது” என்று மேடையேறி வந்து கை கொடுக்கிறவர்கள்தாம் உன் மெல்லிசைக் குழுவுக்கு அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பணம் தருகிறவர்கள். அச்சு அசலாக வாசிப்பதற்கு எவ்வளவு காது வேண்டும், எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாட்டை அந்த அளவுகோலால் அளந்தால் ஒன்றும் கிடைக்காது. ஏன் என்று தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். ஆகவே உட்கார்ந்து எழுதிவிட்டேன். உன்னைப் போலவே நினைக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை இங்கே போடுகிறேன்.

சாஃப்ட் செல் என்ற இன்னோர் ஆங்கிலேயக் குழு 1981இல் வெளியிட்டதை ‘ஒரிஜினல்’ என்று நீ எழுதியிருக்கிறாய். அதுவே ஒரு கவர் பாடல், அதாவது வேறொருவர் முன்பே பாடியதை எடுத்துப் பாடியது. எட் காப் என்பவர் எழுதி, குளோரியா ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி 1964இல் பாடியது அது. அடுத்த ஆண்டு ஒரு சிங்கிள் தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்து, கவனிப்பாரில்லாமல் போனது. 70களில் வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. அமெரிக்காவில் விலைபோகாத பழைய சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசைவகை) இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து வந்து, விடிய விடிய அவற்றுக்கு ஆடுவார்கள். நார்தர்ன் சோல் என்று அதற்குப் பெயர். அந்தக் கூடங்களில்தான் குளோரியாவின் தட்டுக்கு மறுவாழ்வு கிடைத்தது. பிளாக்பூலில் வளர்ந்த டேவ் பால் அந்த இசையில் ஊறியவர். லீட்ஸ் நகரில் கலை படிக்கப் போன இடத்தில் மார்க் ஆல்மண்டைச் சந்தித்தார். ஆல்மண்ட் பாட, பால் சிந்தசைசர் வாசிக்க, இரண்டே பேர் கொண்ட அந்தக் குழுதான் சாஃப்ட் செல்.

தயாரிப்பாளர் மைக் தார்னோடு சேர்ந்து அவர்கள் செய்ததைக் கவனி. பித்தளை வாத்தியங்களையும் ஆள் வாசித்த டிரம்மையும் எடுத்துவிட்டார்கள். சுருதியைக் கீழே இறக்கினார்கள். வேகத்தையும் குறைத்தார்கள். குளோரியா கோபத்தோடு ஓடிக்கொண்டே பாடுகிறார் என்றால், ஆல்மண்ட் சுவரில் சாய்ந்து நின்று பாடுகிறார். பிறகு அந்த இரண்டு தட்டல்கள். ஒவ்வொரு அடி முடிந்ததும் இயந்திரம் ‘டிங் டிங்’ என்று பதில் சொல்லும். கேட்கிறவன் கை தானாக மேசையைத் தட்டும். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான ‘ஹாட் 100’ பட்டியலில் மொத்தம் 43 வாரம் இருந்தது. அது அன்றைக்குச் சாதனை.

இனி நான் சொல்லப்போவதைப் பாட்டோடு சேர்த்து நினைத்துப் பார்.

1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு, அந்த வயதில் வரக்கூடாத ஒருவகை நிமோனியா வந்திருக்கிறது என்று. எய்ட்ஸ் பற்றிய முதல் அதிகாரபூர்வக் குறிப்பு அதுதான். நோய்க்கு அப்போது பெயர்கூட இல்லை. அதற்கு அடுத்த மாதம் சாஃப்ட் செல்லின் தட்டு கடைக்கு வந்தது. அந்தப் பாட்டும் அந்த நோயும் ஒரே கோடையில் வெளியே தெரிந்தன. அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களும் அந்த நோய்க்கு முதலில் பலியானவர்களும் பெரும்பாலும் ஒரே தளங்களில், ஒரே விளக்குகளின் கீழே நின்றவர்கள். லண்டனில் டெரி ஹிக்கின்ஸ் என்பவர் பகலில் நாடாளுமன்றத்தில் உரைகளைப் பதிவு செய்யும் வேலை பார்த்தார். இரவில் ‘ஹெவன்’ என்ற நடன விடுதியில் வேலை பார்த்தார். ஒருநாள் அந்த விடுதியிலேயே மயங்கி விழுந்தார். 1982 ஜூலை 4ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். வயது 37. அவருடைய காதலரும் நண்பர்களும் சேர்ந்து அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட் இன்றும் இயங்குகிறது.

காயில் குழு 1985இல் வெளியிட்ட இசைத்தட்டின் லாபம் முழுவதும் இந்த டிரஸ்டுக்குத்தான். எய்ட்ஸுக்காக நிதி திரட்ட வெளிவந்த முதல் இசைத்தட்டு என்று அதைச் சொல்வார்கள். ஒரு பக்கம் ‘பேனிக்’, மறுபக்கம் நீ நிறுத்திவிட்ட பாட்டு.

பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், ஜான் பேலன்ஸ் இருவரும்தான் காயிலின் உயிர்நாடி. வாழ்க்கையிலும் துணைவர்கள். கிறிஸ்டோஃபர்சன் அதற்கு முன் த்ராபிங் கிரிஸில் குழுவில் இருந்தவர். 1976இல் அந்தக் குழு தொடங்கிய ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனத்திலிருந்துதான் ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற இசைவகைக்கே பெயர் வந்தது. இண்டஸ்ட்ரியல் என்றதும் உனக்கு இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் தப்பில்லை, நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் இங்கே இவர்கள் இரைச்சலைக் கூட்டவில்லை. நடனத்தை நிறுத்தினார்கள்.

தாளம் இல்லை. ஒரு பெரிய வாத்தியக் குழு மொத்தமும் ஒரே கணத்தில் அடித்து நிறுத்தியது போன்ற ஒலி எழும், அடங்கும். பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் மணி ஒலிக்கிறது. ஆல்மண்ட் பாடியபோது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ‘டிங் டிங்’ வந்து உன்னைத் தாங்கிக்கொண்டது. இங்கே அந்த இடத்தில் எதுவும் இல்லை. வேகமான பாட்டில் குரல் தடுமாறினால் தாளம் மூடிமறைத்துவிடும் என்பது உனக்கே தெரியும். இத்தனை மெதுவாகப் பாடினால் மூச்சு எங்கே தீர்கிறது, குரல் எங்கே உடைகிறது என்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடும். பேலன்ஸ் பெரிய பாடகர் இல்லை. அவர் குரல் உடையத்தான் செய்கிறது. அந்த உடைசலை அவர் சரிசெய்யவில்லை. நம் வித்வான்கள் ஒரு கீர்த்தனையைச் சவுக்க காலத்தில், அதாவது மிக மெதுவாக, எடுத்தால், அதுவரை ஓடிப்போன சொற்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்று முகம் காட்டுமே, இங்கேயும் அப்படித்தான்.

இந்தப் பாட்டில் எந்தச் சொல் முகம் காட்டுகிறது என்று பார். முன்பு உன்னை நோக்கி ஓடினேன், இப்போது உன்னைவிட்டு ஓடுகிறேன் என்கிறது பாட்டு. ஓரிடத்தில், தயவுசெய்து என்னைத் தொடாதே என்று வரும். ஆல்மண்ட் பாடும்போது அது காதலர்களுக்குள் நடக்கும் ஊடல். பேலன்ஸ் 1985இல் அதே வரியைப் பாடுகிறார். அந்த நாட்களில் எய்ட்ஸ் நோயாளி படுத்திருந்த அறைக்குள் நுழையப் பயந்து, சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போன ஊழியர்கள் உண்டு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1987 ஏப்ரலில் இளவரசி டயானா லண்டன் மருத்துவமனை ஒன்றில் கையுறை போடாமல் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். ஒரு கைகுலுக்கல் உலகச் செய்தியானது என்றால் அன்றைக்கு நிலைமை எப்படி இருந்திருக்கும்! காயில் தட்டு வந்தது அதற்கும் இரண்டு ஆண்டு முன்னால். அப்போது ‘தொடாதே’ என்று ஒருவன் பாடினால், சொல்வது நோயாளியா, பார்க்க வந்தவனா, அல்லது பயந்துபோன ஊரா என்று பிரித்தறிய முடியாது. பாட்டின் கதையை அவர்கள் மாற்றவில்லை. மெதுவாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கிறிஸ்டோஃபர்சன் புகைப்படக்காரர், வடிவமைப்பாளர், இயக்குநரும்கூட. பாட்டுக்கான வீடியோவை அவரே எடுத்தார். மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார். பிசுபிசுத்த தேனில் சிக்கிய ஈயைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மார்க் ஆல்மண்ட் அந்த வீடியோவில் வந்து போகிறார். எந்தப் பாட்டால் உலகம் அவரை அறிந்ததோ, அதே பாட்டின் இரங்கலில் அவரே வந்து நிற்கிறார். கொலை என்று நீ சொல்கிற காரியத்துக்குப் அந்தப் பாட்டால் பேர் வாங்கியவரே துணைக்கு வந்திருக்கிறார், தம்பி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பின்னாளில் அந்த வீடியோவைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. இரவில் தனியாக இருக்கும்போது பார்க்காதே.

இதே பாட்டை அமெரிக்க ராக் பாடகர் மர்லின் மேன்சன் 2001இல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்துக்காகப் பாடினார். பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. கிதார் கனமாக இருக்கிறது, குரல் உறுமுகிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. சாஃப்ட் செல்லின் அதே கொண்டாட்டத்துக்குக் கறுப்பு உடை போட்டு, ஒலியைக் கூட்டியிருக்கிறார்கள். பாட்டைப் பற்றி நமக்கு முன்பே தெரியாத எதையும் அது சொல்லவில்லை. உன் அளவுகோல்படி அது மூலத்துக்கு நெருக்கமானது. என் அளவுகோல்படி வெகு தூரம்.

காயில் தட்டு பிரிட்டனின் முதன்மை விற்பனைப் பட்டியலில் ஏறவே இல்லை. அதே 1985 இறுதியில் டியோன் வார்விக், எல்டன் ஜான், கிளாடிஸ் நைட், ஸ்டீவி வொண்டர் நால்வரும் சேர்ந்து எய்ட்ஸ் ஆராய்ச்சிக்காக நட்பைப் பற்றி ஒரு பாட்டு பாடினார்கள். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, லட்சக்கணக்கில் டாலர் திரட்டியது. அதை நான் துளியும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பணத்தால் நன்மை நடந்தது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டால் யாரோ செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. ஆறுதல் சொல்ல ஆள் இருந்தது. என்ன நடக்கிறது என்று சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைக் காயில் செய்தது.

இதெல்லாம் எங்கோ லண்டனில் நடந்தது என்று தள்ளிவிடாதே. அடுத்த ஆண்டே, 1986இல், சென்னையில் சுனிதி சாலமன் என்ற மருத்துவரும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். இங்கெல்லாம் அந்த நோய் வராது என்று பெரியவர்கள் அடித்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகு நம் ஊர்களில் நோயாளிகளை வீட்டைவிட்டு, பள்ளிக்கூடத்தைவிட்டு விரட்டியதெல்லாம் நீ பிறந்த பிறகும் நடந்திருக்கிறது. ‘தொடாதே’ என்ற சொல்லுக்கு இங்கே இருக்கிற பழைய வரலாறு உனக்குத் தெரியாததல்ல.

பேலன்ஸ் 2004இல் இறந்தார், வீட்டு மாடியிலிருந்து தவறி விழுந்து. கிறிஸ்டோஃபர்சன் 2010இல் பாங்காக்கில் தூக்கத்தில் காலமானார். அவர்களை மானசீக ஆசான்களாகக் கொண்ட நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க இண்டஸ்ட்ரியல் குழுவின் டிரெண்ட் ரெஸ்னர், தன் இன்னொரு குழுவுக்குக் காயிலின் முதல் இசைத்தட்டின் பெயரையே வைத்தார்.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். குளோரியா ஜோன்ஸ், சாஃப்ட் செல், காயில் என்ற வரிசையில் மூன்றையும் ஒரே மூச்சில் கேள். காயிலை முடிவுவரை கேள். பிறகு கல்யாண மேடையில் வேண்டாம், வீட்டில், உன் கீபோர்டில் ரிதத்தை அணைத்துவிட்டு, நீங்கள் ஆட்டத்துக்காக வாசிக்கிற ஏதாவது ஒரு பாட்டைப் பாதி வேகத்தில் பாடிப் பார். எந்தப் பாட்டு என்பதை நீயே தேர்ந்தெடு. பதிவு செய்து எனக்கு அனுப்பு. குரல் உடைந்தால் மறுபடி எடுக்காதே, அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்