‘அனிகட்’ என்றால் வெறும் ‘அணை’ அல்ல: அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களே, வணக்கம்.

எங்கள் கையில் புழங்கும் ஆங்கிலம்–தமிழ் கலைச்சொல் பட்டியல்கள் சிலவற்றில் ‘டேம்’, ‘அனிகட்’ இரண்டுக்கும் ‘அணை’ என்றே இருக்கிறது. பழைய மதராஸ் மாகாணப் பாசன ஆவணத்தை இதை நம்பிப் படிக்கும் மாணவர், ‘கிராண்ட் அனிகட்’ எனப்படும் கல்லணையின் கொள்ளளவு எத்தனை டிஎம்சி என்று தேடப் போவார்.

அனிகட் நீரைச் சேமிப்பதற்கல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வாக எழுப்பிய சுவர் அது. நீர்மட்டத்தைச் சில அடி உயர்த்தி, வாய்க்கால் தொடங்கும் இடத்துத் தலைமதகு வழியே அதற்குள் திருப்பிவிடும். வெள்ளம் முகட்டின் மேலேயே வழிந்து ஓடும். அதற்கு வரும் கேடும் தனி வகை. மேற்புறம் மணல் மேடிடும். அதைத் தள்ளிவிட மணற்போக்கி வேண்டும். கீழ்ப்புறம் விழும் நீர் படுகையைக் குடையும். கல் பாவிய தளம் வலுவாக இல்லாவிட்டால் சுவரே சாயும். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கட்டிய மேலணையிலேயே முகட்டின் ஒரு பகுதியைப் பிறகு தாழ்த்த வேண்டியிருந்தது. இவ்வளவையும் ‘அணை’ என்ற ஒற்றைச் சொல் எப்படித் தாங்கும்?

சொற்பிறப்பையும் விட்டுவிடாதீர்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இது தமிழ் ‘அணைக்கட்டு’ என்று தெளிவாகச் சொல்கிறது. ஆங்கில வாயில் ணகரம் னகரமானது, ‘கட்டு’ ‘கட்’ ஆனது. வெட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுறவே இல்லை. மதராஸ் பொறியாளர்களோடு இச்சொல் கோதாவரிக்குப் போனது (அங்கே தவளேஸ்வரத்தில் 1847–52இல் அனிகட் கட்டினார்கள்). இன்று ராஜஸ்தானில் சிற்றோடைத் தடுப்புகளுக்கும் இதே பெயர்தான். இலங்கைப் பாசனத் துறையின் ஆங்கிலத்திலும் அன்றாடச் சொல்.

ஆகவே பதிவை இப்படி அமையுங்கள்: ‘அணைக்கட்டு, நீரைத் தேக்காமல் வாய்க்காலுக்குத் திருப்பும் தாழ்சுவர், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது.’ கதவுகளால் நீரை ஆளும் ‘பேரேஜ்’ என்பதற்குக் ‘கதவணை’ இருக்கட்டும். தவளேஸ்வரத்தில் இப்போது நிற்பது கதவணைதான் என்பதால், ஆண்டு பார்த்தே சொல்லைத் தேர வேண்டும். கிராண்ட் அனிகட் கல்லணை, லோயர் அனிகட் கீழணை என்று ஊர் வழக்கையும் சேருங்கள். கோவைப் பக்கத்து ஆனைகட்டியை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அது யானையோடு சேர்ந்த பெயர்.

அச்சுப் பதிப்புக்குக் காத்திராமல், மின்பதிப்பில் இப்போதே திருத்திவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
பாசனத் தமிழில் பணிபுரிவோர்