அன்று நீ காட்டிய விரல்

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், உடனே நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். பன்னிரண்டு மணி நேரம் ஊரார் எல்லோரையும் தேற்றிவிட்டு வருகிறவள் என்னையும் தேற்ற வேண்டாம். அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை ஐ.சி.யு.வில் நைட் டியூட்டி முடிந்து வந்து கூப்பிட்டாயே. "ஏழாம் பெட் பாட்டி விடியக்காலைல போயிட்டாங்கம்மா. அவங்க மக என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கதறுறா. எனக்கு ஒண்ணுமே தோணல. பெட் காலியாயிருச்சு, அடுத்த கேஸை ஏத்திருவாங்க, அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் குடுக்க லேட்டாகுமேன்னுதான் நெனச்சேன். நான் கெட்டவளா ஆயிட்டேனாம்மா?" என்றாய். நான், "தூங்கி எந்திரி, சரியாப் போயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். தூங்கி எழுந்தால் அது சரியாகாது என்று தெரிந்தேதான் சொன்னேன். அந்தப் பொய் மூன்று நாளாக உறுத்துகிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1999-ல் என்னைத் தீக்காய வார்டில் நர்ஸாகப் போட்டிருந்தார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் கல்யாணமாகி நாலைந்து வருஷம்கூட ஆகாத பெண்கள். யாரைக் கேட்டாலும் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்பார்கள். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். அப்போதும் அதையேதான் சொல்வார்கள். புருஷன் வெளியே நிற்பான். அறுபது, எழுபது சதவீதம் வெந்தவள்கூட முதல் இரண்டு நாள் தெளிவாகப் பேசுவாள், அதுதான் அந்த வார்டின் கொடுமை. தலைவாரிவிடச் சொல்வாள், பிள்ளை பால் குடித்தானா என்று கேட்பாள். நாலாம் நாள், ஐந்தாம் நாள் கிருமி ரத்தத்தில் பரவி, அதாவது செப்சிஸ் வந்து, நினைவு தப்பும். ஒட்டிய காஸ் துணியைச் சலைன் ஊற்றி ஊற்றி ஊறவைத்து எடுப்போம். அப்படியும் தோலோடுதான் வரும். மருந்து தடவி வாழையிலையில் படுக்கவைப்போம். வாழையிலை வாசம் வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காததன் காரணம் இதுதான். கல்யாண வீட்டில் தட்டு கேட்கிறேன் என்று அப்பத்தா என்னைக் கோபித்துக்கொள்வார்களே, நினைவிருக்கிறதா?

ஒரு நாள் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்தேன். "அக்கா மெதுவாக்கா, மெதுவாக்கா" என்று கத்தினாள். அன்று எனக்கு அது பதினோராவது டிரெஸ்ஸிங். "வாயை மூடுறியா, இன்னும் ஆறு பேர் இருக்காங்க" என்று அதட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் இரவு இறந்துபோனாள். நான் உடம்பைத் துடைத்து, தாடையைக் கட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கேஸ் ஷீட் எழுதிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். புளிசாதம். நன்றாகப் பசித்தது.

அந்த வாரம்தான் நீ இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுவிட்டு அழுதுகொண்டு ஓடிவந்தாய். ஆறு வயது உனக்கு. விரலை நீட்டிக் காட்டினாய். நான் பார்த்தேன்: சின்னக் கொப்புளம், விரல்களோடு சேர்த்து உள்ளங்கை உடம்பில் ஒரு சதவீதம் என்பது எங்கள் கணக்கு, இது அதில் இருபதில் ஒரு பங்கு. "போ, பைப்புல காட்டு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினேன். நர்ஸாகச் சொன்னது சரிதான், தீக்காயத்துக்கு முதலில் ஓடுகிற தண்ணீர்தான். ஆனால் உன்னை நான் தூக்கவில்லை, பாப்பா. அப்பா வந்து தூக்கினார். அவர் தோள்மேல் சாய்ந்தபடி நீ என்னையே பார்த்தாய். அந்தப் பார்வைதான் என்னை உலுக்கியது.

அப்போது இதற்குப் பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து நர்ஸுகளுக்கான ஒரு வகுப்பில்தான் கேள்விப்பட்டேன். 1992-ல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் அமெரிக்க நர்சிங் பத்திரிகை ஒன்றில் எழுதும்போது 'கம்பேஷன் ஃபெட்டீக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினாராம். இரக்கப்பட்டு இரக்கப்பட்டே மனசு மரத்துப்போவது. மூன்று வருஷம் கழித்து சார்லஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர் இதைப் பற்றிப் புத்தகமே கொண்டுவந்தார். 'பர்ன்-அவுட்' என்பது அதற்கு அண்டை வீடு. உடம்பிலும் மனதிலும் சத்து வற்றுவது, நோயாளி மனுஷியாகத் தெரியாமல் பெட் நம்பராகத் தெரிவது, என்ன செய்து என்ன பயன் என்று தோன்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தது என்று கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வகுத்தார். அதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது 'பதினோராவது டிரெஸ்ஸிங்'. அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்-அவுட்டை நோய்ப் பட்டியலில் விளக்கியபோது, இது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியது. இதை நீ நன்றாகப் படித்துக்கொள். கோளாறு உன் குணத்தில் இல்லை, வேலை வாங்குகிற விதத்தில் இருக்கிறது. ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. உனக்கு ராத்திரியில் எத்தனை வென்டிலேட்டர் கொடுக்கிறார்கள்? மூன்று. ஆள் வரவில்லை என்றால் நாலு. மூன்று பேருக்கு சக்‌ஷன் போட்டுச் சளி எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, மருந்து ஏற்றி, மணிக்கொரு தரம் சார்ட் எழுதுகிறவள், நாலாவதாக ஒரு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த நேரத்தில் அழுவாள்? தனியார் மருத்துவமனை நர்ஸுகளின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-ல் கமிட்டி போடச் சொல்லி, இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு நிகராகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கமிட்டியும் சொன்னது. சொல்லி இத்தனை வருஷமாகியும், வீட்டு வாடகைக்காக நீ மாதத்தில் நாலு டபுள் டியூட்டி பார்க்கிறாய்.

கொரோனா நேரத்தில் எல்லோரும் நம்மைத் தேவதை என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை அப்போதே பிடிக்கவில்லை. தேவதைக்குத் தூக்கம் வராது, கால் வீங்காது, மாதவிடாய் வராது. 2021 மே மாதம் அந்தக் கவச உடுப்புக்குள் ஆறு மணி நேரம் பாத்ரூம் போகாமல் நின்றவள் நீ. "சேவைம்மா, புண்ணியம்" என்று நானும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்லியே உன் வாயை அடைத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. மன்னித்துவிடு.

என்னைக் காப்பாற்றியது எங்கள் வார்டு சிஸ்டர். நான் நோயாளியை அதட்டியதைக் கேட்டவர் மெமோ கொடுக்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு, "எத்தனை மாசமாடி இப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அரை மணி நேரம் அழுதேன். அடுத்த மாதமே பிரசவ வார்டுக்கு மாற்றினார். பிறந்த பிள்ளையின் வாசம் மூக்கில் ஏறி, வாழையிலை வாசம் கொஞ்சம் ஒதுங்க, ஆறு மாதம் பிடித்தது. நீயும் வார்டு மாற்றிக் கேள். கேட்பது தோல்வி ஆகாது. கேட்டுக் கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா. அப்பாவிடம் பேசிவிட்டேன். பென்ஷன் வருகிறது, அதில் மூன்று பேர் சாப்பிடலாம்.

இன்னொன்று. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளி இறந்ததும் டாக்டர், நர்ஸ் எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள், அவ்வளவுதான். அதன் பிறகே அடுத்த வேலை. இதைப் படித்தபோது, அந்தப் பெண்ணுக்காக நான் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் எனக்கும் கிடைத்திருக்கும். உன் கூட வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சொல்லிப்பார், நாலு பேர் சேர்ந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

அப்புறம், தூக்கமே வராவிட்டாலோ, எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று ஒரு தரம் தோன்றினாலோ, உடனே என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. 14416-க்கும் கூப்பிடு. டெலி-மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உன் நோயாளிகளின் வீட்டாருக்கு நீயே எழுதிக் கொடுத்த நம்பர்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியனில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. பத்து நாள் இருப்பேன். சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன், ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், தூங்கு. வந்ததும் அந்த விரலை எனக்கு ஒரு தரம் காட்டு.

அம்மா