செயலாளர் ஆண்டறிக்கை: மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, ஜெலுத்தோங் வட்டாரத்து நம் தாமான் குடியிருப்பு மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. தீபாவளி உபசரிப்பும் இரண்டு கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணிகளும் நல்லபடியாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குக் கொடுத்த நேரத்தில் மீதி முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரையும் கால்வாயும்.

சென்ற ஆண்டு பின்சந்தில் பாசி வழுக்கி, நம் மூத்த உறுப்பினர் ஒருவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பாசியை நாம் எல்லாருமே தினமும் பார்த்துக்கொண்டுதான் நடந்தோம். அதன் பிறகுதான் ஆண்டுக்கு இரண்டு முறை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காயும். அதனால் ஆகஸ்டில் ஒரு முறை, தைப்பூசத்தையொட்டி ஒரு முறை. தண்ணீர் ஓட வழி இருக்கிறதா என்பதை முதல் சுற்றில் பார்த்தோம். மழை என்ன செய்துவிட்டுப் போனது என்பதை இரண்டாம் சுற்றில் பார்த்தோம்.

வீட்டுச் சுவரும் கார் நிறுத்தும் தரையும் சேரும் இடத்தில் வாய் பிளந்திருப்பதைக் கண்டுதான் பலரும் பயந்தார்கள். "வீடு இறங்குதா தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டபோது அவர் குரலே சரியில்லை. நம் வீடுகள் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண், அடித்துக் கட்டியவை. கார் தரையோ கொட்டி நிரப்பிய மண் மேல் கிடக்கிறது. மண் அமுங்க அமுங்கத் தரை இறங்கும், வீடு நிற்கும். நடுவில் பிளவு விழும். பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே விடவும் கூடாது. அந்த வாய் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி மண்ணை அரிக்கும், கறையானும் எலியும் குடிவரும். சிமெண்டு பூசி அடைத்தால் அடுத்த மழைக்குள் மறுபடி வெடிக்கும். ரப்பர் போல இழுபடும் சீலண்ட்தான் அங்கே நிற்கும்.

அந்த அக்கா வீட்டில் ஆகஸ்டிலேயே தரை விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதிவைத்தோம். ஜனவரி கடைசியில் குனிந்து பார்த்தால், கோட்டின் இரண்டு பாதியும் ஒரு தீக்குச்சியின் தடிமன் அளவு விலகி நின்றன. நிமிர்ந்து பார்த்தோம்: கூரைத் தண்ணீர்க் குழாய் சரியாக அதே இடத்தில் கொட்டுகிறது. குழாயைக் கால்வாய்க்குத் திருப்பிய பிறகே விரிசலை அடைத்தோம். தண்ணீரைத் திருப்பாமல் சிமெண்டு வாங்குவது வீண் செலவு என்று எல்லா வீட்டிலும் சொல்லிவருகிறேன். முடி போன்ற விரிசலுக்கெல்லாம் கவலை வேண்டாம். வங்கி அட்டை நுழைகிறது, அல்லது ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்றால் உடனே சொல்லுங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது தலைக்கு மேல் கூரையைத் தாங்கும் கான்கிரீட் விட்டமான பீமைப் பார்த்துத்தான். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று உள்ளே இருக்கும் கம்பியைப் பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். பழுப்புக் கறை கண்டால் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டங்' என்று கெட்டியாகச் சொல்லும். விட்டுப்போன இடம் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். இரண்டு வீடுகளில் அப்படிக் கேட்டது. முன்பு வந்த வேலைக்காரர் துருவின் மேலேயே பூசிவிட்டுப் போயிருந்தார். உடைத்து எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பெயிண்ட் அடித்த பிறகே பூச வேண்டும். பீம் விஷயத்தில் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தீபாவளிக்கு முன் எல்லாரும் வாட்டர் ஜெட் அடிக்கிறோம். முனையைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் மேல்தோல் உரிந்து மணல் வெளியே வரும், பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். குளோராக்ஸ் போன்ற ப்ளீச் ஊற்றித் தேய்ப்பவர்கள் கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

அப்புறம், புதிதாகத் தரை போட்டவர்கள் ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும். முழு வலு வர 28 நாள் ஆகும். அதற்குள் லாரியை ஏற்ற வேண்டாம். குழி விழுந்த தரையில் ஒரு வாரம் தண்ணீர் நின்றாலே ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும், அதையும் பாருங்கள்.

முச்சந்தி அங்சானா மரத்தின் வேர் கால்வாய் மூடியைத் தூக்கியது பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். யாரும் தாமாக வேரை வெட்ட வேண்டாம், மரம் சாய்ந்துவிடும்.

அடுத்த சுற்று ஆகஸ்டு முதல் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு. அன்றைக்குக் காரை வெளியே நிறுத்தி, பூந்தொட்டிகளைச் சுவரை விட்டு நகர்த்தி வையுங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.