உயிர்வாழ் சான்றுக்கு ஊர்தோறும் முகாம் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் படைவீரர் குடும்ப நலனுக்காகக் கொடிநாள் நிதி திரட்டுகிறோம். ஆனால், படைவீரர் ஓய்வூதியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஸ்பர்ஷ்' இணையதளத்துக்கு மாறிய பின், ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று அளிக்க எங்கள் பகுதி மூதாட்டிகள் படும் பாடு சொல்லி மாளாது. ராணுவத்தில் 'நாயக்' பதவியில் இருந்தவரின் மனைவியான என் அத்தைக்கு, களையெடுத்தே தேய்ந்துபோன விரல்ரேகையைக் கருவி மூன்று முறையும் ஏற்கவில்லை. படை ஆவணத்துக்கும் ஆதாருக்கும் பெயரில் ஓரெழுத்து வேறுபட்டதால் குடும்ப ஓய்வூதியம் நான்கு மாதம் நின்றுபோனது. மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பேருந்தேறி அலைந்ததை மறக்க முடியவில்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலர்கள் கருவிழிப் பதிவுக் கருவியுடன் ஒன்றியந்தோறும் முகாம் நடத்தி, பெயர்த் திருத்தத்தையும் அங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

– வாசகர், கணியம்பாடி, வேலூர் மாவட்டம்