பெயர் இல்லாத 'நீ'

திருவாரூர்
ஆனி 20

அன்புள்ள சாமிநாதா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் அறுவை முடிந்து சொட்டு மருந்தோடு இருப்பவன் பொடி எழுத்தில் மூன்று பக்கம் எழுதலாமா? அதில் ஒரு பக்கம் முழுக்க என்னைக் கிண்டல். சினிமாக் காதல் பாட்டில் சிவனைத் தேடுகிற கிழவன் என்கிறாய். நான் தேடவில்லையடா, அவராக வந்து மாட்டிக்கொண்டார். நடந்ததைக் கேள்.

மேட்டூர் திறந்து பதினைந்து நாள் கழித்தே நம் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டியது. அதுவரை ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் நாற்றங்காலைக் காப்பாற்றி, போன வாரம் குறுவை நட்டோம். நடவுப் பாட்டெல்லாம் இப்போது கிடையாது. வரப்பில் குச்சி ஊன்றி, பாலிதீன் பையில் போட்ட கைபேசியைத் தொங்கவிடுகிறார்கள். அது பாட்டுக்குப் பாடுகிறது. நாம் கும்பகோணத்தில் படித்தபோது இலங்கை வானொலியில் கேட்ட பாட்டு ஒன்று வந்தது. போனவன் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று ஒருத்தி கேட்கிற பாட்டு. நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து அப்படியே நின்றுவிட்டார். கையில் பாதி பிரித்த நாற்று முடி. வேரிலிருந்து சேறு சொட்டுகிறது. அவர் மகன் குவைத்துக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது.

"காளியம்மன் வாசலில் நின்று நான் கேட்பதும் இதேதான் ஐயா. எனக்கு ராகம் போட்டுக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றார். உடனே குனிந்துகொண்டார், பக்கத்துப் பெண்கள் முந்திவிடுவார்களே என்று.

காதலனைக் கேட்ட பாட்டு மகனைக் கேட்டது, பிறகு அம்மனையும் கேட்டுவிட்டது. இரண்டு முடி நாற்று நடுகிற நேரம்கூட ஆகவில்லை.

தமிழ் வாத்தியாருக்கே பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள். காதலைப் பாடுகிற அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அப்பர் அந்த வரப்பைத் தாண்டினார். 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்று தொடங்கி, நம் ஆரூரைப் பெயர் சொல்லியே பாடினார். அவன் பெயரைக் கேட்டவள் அதே பாட்டின் முடிவில் 'தன் நாமங் கெட்டாள்'. சினிமாப் பாட்டு பழைய விதிக்கே திரும்பிவிட்டது. அதில் 'நீ' உண்டு, பெயர் இல்லை. அந்த 'நீ' ஆளில்லாத திண்ணை. வழிப்போக்கன் உட்காரலாம், சாமியும் உட்காரலாம்.

எல்லாப் பாட்டையும் சொல்லவில்லை. இடுப்பை அளப்பதோடு முடிகிற பாட்டில் எந்தச் சாமிக்கும் இடம் கிடையாது. பிரிவு வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் இருக்க வேண்டும்.

காட்சிக்காகக் கூலிக்கு எழுதியதைத் தூக்கிப் பிடிக்காதே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். திருமருகலை நினைத்துப் பார். பாம்பு தீண்டி மாண்ட வணிகனுக்காக ஒருத்தி அழுகிறாள். அதைக் கேட்ட சம்பந்தர் 'தகுமோ இவள்உள் மெலிவே' என்று கடவுளிடம் வழக்குப் பேசுகிறார். அந்த அழுகை முதலில் ஒரு மனிதனுக்காக எழுந்ததுதானே? அதனால் பதிகம் தாழ்ந்துபோயிற்றா?

அப்பரின் அந்தத் தாண்டகத்தை நாற்பது வருடமாகத் தியாகராஜர் சன்னதியில் வாய்ப்பாடு போல ஒப்பித்து வருகிறேன். நடவு முடிந்த அன்று சாயங்காலம், 'பெயர்த்தும் அவனுக்கே பிச்சி யானாள்', அவன்மேலேயே பித்தானாள், என்ற இடத்தில் குரல் எழவில்லை. அந்தச் சேற்றுக் கைதான் கண்ணில் நின்றது. ஓதுவார் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வரியைத் தாமே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் எல்லோரும் நலம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. கண் தேறியதும் வா, மருகலுக்கு ஒரு நடை போய்வரலாம். பழைய கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. என் டேப் ரிக்கார்டர் ஓடுவதில்லை. உன்னுடையது ஓடுமானால் மறக்காமல் எடுத்து வா.

உன்
கோவிந்தராஜன்